விகாரப் புணர்ச்சி

அறிவியல் நகரில் கரண்ட் போவது
சுழற்றி உச்சத்தில் நிற்கும்போதுதான்.
நிமிடத்துக்குப் பதின்மூவாயிரம் சுற்று,
பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கும்.
யூட் கைபேசி வெளிச்சத்தோடு ஜெனரேற்றருக்கு ஓடுவான்.
நான் மூடியில் கைவைத்தபடி
உள்ளே எது தாழ்ந்தது, எது இன்னும் மிதக்கிறது
என்று தெரியாமல் நிற்பேன்.

வேலை இதுதான்.
கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் இலிப்பிட்டை
குளோரோபோமில் கரைத்துக் காயவிட்டு
சீனித் தண்ணீர் ஊற்றி எழுப்பினால்
கண்ணுக்குத் தெரியாத குமிழிகள்.
வயிற்றில் சீனி, ஆகவே பாரம், ஆகவே அடிக்குப் போகும்.
புரதம் ஒட்டியிருந்தால் கூடவே போகும்.
ஒட்டாதது மேலே நிற்கும்.
மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு:
நீலப் பட்டை இரண்டின் தடிப்பை அளக்க
எனக்கு மூன்று வருடச் சம்பளம்.

புரதம் புடையனுடையது.
பாம்பில்லை, பல்லில்லை,
பக்ரீரியாவுக்குள் வளர்த்த நஞ்சின் ஒரு துண்டு.
நூற்றிருபத்தொரு எழுத்து.
அதில் ஒன்றை மாற்றுவேன். ஒன்றே ஒன்றை.

உயிரியல் புத்தகம் இதை விகாரம் என்கிறது.
பள்ளியில் இலக்கண ரீச்சரும்
இதே சொல்லைத்தான் கரும்பலகையில் எழுதினா.
தோன்றல், திரிதல், கெடுதல்.
முல்லை தீவோடு சேர நடுவில் ஒரு த் முளைத்தது.
நெல் பயிரோடு சேர ல் திரிந்து ற் ஆனது.
மரம் வேரைத் தொட்டதும் ம் இல்லாமல் போனது.
இரணைமடுவில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை,
இரணை இரணையாக, மடு மடுவாக.
அது இயல்பு.

அங்கே சேர்ந்ததால் எழுத்து மாறும்.
இங்கே நான் எழுத்தை மாற்றிவிட்டுச்
சேருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இயல்பு: நூற்றுக்கு அறுபத்திரண்டு.
ஏழாம் இடத்து லைசினை அலனின் ஆக்க: நாற்பது.
அதையே குளூற்றமேற்று ஆக்க: ஒன்பது.
மென்சவ்வும் மறையேற்றம், இதுவும் மறையேற்றம்,
ஒன்றையொன்று கண்டதும் முகம் திருப்பிக்கொண்டன.
எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது அறுபத்துநான்காம் இடம்.
சும்மா மாற்றிப் பார்த்த எழுத்து.
தொண்ணூற்றைந்து!
இயல்பை விட இறுக்கமாக ஒட்டுகிறது.
அன்றிரவு பஸ்ஸில் பரந்தன் தாண்டும்வரை
கட்டுரையின் முதல் பந்தியை மனதுக்குள் எழுதினேன்.
ஆனையிறவில் அதைத் திருத்தினேன்.
மூன்று கிழமை அந்தச் சந்தோசத்தில் ஓடியது.

யூட்தான் கேட்டான், குழாய்களைக் கழுவிக்கொண்டே:
‘மிஸ், குமிழி விடாமல் உதைச் சுத்திப் பாத்தனீங்களோ?’

இயல்புக்குப் பார்த்திருந்தேன்.
இதற்குப் பார்க்கவில்லை. புரதம் காணாது என்று விட்டது.

அன்றே பார்த்தோம்.
இலிப்பிட்டு ஒரு துளியும் இல்லாத வெறுங்குழாய்.
அடியில் அதே பட்டை,
அதே தடிப்பு, அதே நீலம்.

அது யாரோடும் ஒட்டவில்லை.
மடிப்புக் குலைந்து தன்னோடு தானே திரண்டு
தன் பாரத்திலேயே அடியிறங்கியிருக்கிறது.
தாழ்ந்ததை எல்லாம் சேர்ந்தது என்று
எண்ணிவைத்திருந்தேன்.

குறிப்பேட்டில் அந்த வரியை வெட்டவில்லை.
பக்கத்தில் திகதி போட்டு
‘திரட்சி’ என்று மட்டும் எழுதினேன்.

யூட்டின் அத்தான் வட்டக்கச்சியில் அரிவி வெட்டின நாளில்
புடையன் கடித்துப் பதினொரு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தவர்.
ஒவ்வொரு வெள்ளியும் மகனைக் கேட்டனுப்புவார்,
‘என்னவாம், ஒட்டுதாமோ?’
மருந்து வருமா என்றுதான் அதற்கு அர்த்தம்.
என்னிடம் இருப்பது ஓர் எண்.

‘ஒன்பது எண்டு சொல்லு’ என்றேன்.
‘அது நல்லதோ மிஸ்?’
‘வெறுங்குழாயோட மூண்டு தரம் ஓட்டவேணும்.
இது முதல் தரம்.’

அவன் எதிர்த்தட்டு வைத்துச் சமன் பார்த்தான்.
மூடி விழுந்தது. சுற்றத் தொடங்கியது.
இருவரும் மேலே
லைற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.